ஓடிய தூரமும் ஓம்பிய முறையும்

பௌதிகக் கல்வி பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். உராய்வு, வெப்பம், தேய்வு ஆகியன பற்றி வகுப்பறையிலே முப்பது ஆண்டுகள் பேசியிருக்கின்றோம். அவற்றை அதே முறையில் ஈண்டும் எழுதினால் பழைய மாணவர் கொட்டாவி விடுவர் என்பதை நன்கு அறிவோம். ஆதலின் அப்பாடங்கள் இளைஞர் ஒருவரின் சேமிப்புப் பணத்தைத் தொட்ட செய்தியொன்றை எடுத்துக்கொள்கின்றோம். நெடுந்தூரம் ஓடிய பழைய மோட்டார் வண்டியை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே பொருள்.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே, எம்மிடம் முன்னர் பௌதிகம் கற்றவரும் இப்பொழுது எமது கல்லூரியிலேயே ஆசிரியராயிருப்பவருமான அவ்விளைஞர் எம் வீட்டுக்கு வந்தார். அவருடைய தாயாரை மாதம் ஒருமுறை கொழும்பு வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டியிருந்தது. இரவு முழுதும் பேருந்தில் அமர்ந்து செல்லும் நிலையில் அந்த அம்மையார் இல்லை. கையிலிருந்த சேமிப்போடு தாயாரின் நகையையும் ஈடு வைத்து வண்டி ஒன்று வாங்க எண்ணியிருந்தார். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தார். இரண்டும் 2004இல் செய்யப்பட்ட ரொயோற்றா கொறோலா வண்டிகள். ஒன்றின் மீற்றர் 58,000 கிலோமீற்றர் எனக் காட்டியது. மற்றையது 241,000 எனக் காட்டியது. முன்னதன் விலை பின்னதிலும் பத்து இலட்சம் ரூபா கூட.

"சேர், குறைய ஓடின வண்டிதானே நல்லது? வீட்டிலும் அப்படித்தான் சொல்லுகினம்" என்றார்.

அக்காலத்து விலைநிலையை இங்குச் சிறிது நினைவூட்டுதல் வேண்டும். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 மாசியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் நாட்டில் உள்ள வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. இருபது வயதான வண்டிக்கு ஓர் ஆசிரியர் பல ஆண்டுச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அத்தகைய விலை கொடுப்பவர் தவறிழைத்தால் அதனின்றும் மீள்வது எளிதன்று. அது எமக்குச் சொந்த அனுபவம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

எமது நாட்டிலே மாடு வாங்கச் செல்பவர் முதலில் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பின்பு சுழி பார்ப்பார், குளம்பைத் தட்டுவார், கழுத்துத் தழும்பைத் தடவுவார், நாலடி நடக்கவிட்டு நடையைக் கவனிப்பார். தரகர் சொல்லும் வயதை ஒருவரும் அப்படியே ஏற்பதில்லை. இத்துணை நுணுக்கமாக மாடு பார்த்த பரம்பரையினராகிய நாம், மாட்டிலும் நூறு மடங்கு விலை கொடுத்து மோட்டார் வண்டி வாங்கும்போது மாத்திரம் முகப்பிலே உள்ள ஓர் எண்ணை நோக்கிவிட்டுத் திருப்தியடைவது ஏன் என்பது எமக்கு விளங்கவில்லை.

அந்த எண் எதனை அளக்கின்றது? சில்லுகள் எத்தனை முறை சுழன்றன என்பதை மாத்திரமே அளக்கின்றது. இயந்திரம் எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது என்பதையோ, வண்டி நின்ற இடத்திலேயே எத்தனை மணி நேரம் உறுமிக்கொண்டிருந்தது என்பதையோ, ஒயில் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதையோ அது அறியாது. தேய்வை உண்டாக்குவன பெரும்பாலும் அது அறியாத இவைகளே.

மாணாக்கர் கவனித்தற்குரிய இடம் இது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சுழல் தண்டும் அதனைத் தாங்கும் தாங்கிகளும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. அவற்றிடையே அழுத்தத்தோடு செலுத்தப்படும் ஒயிற்படலம் ஒன்று நிற்கின்றது. உலோகத்தோடு உலோகம் உராயாதவிடத்துத் தேய்வு மிகச் சிறிதே. இயந்திரம் நின்று பல மணி நேரம் கழிந்தபின், ஒயில் கீழே வடிந்துவிடும். மறுநாட் காலை கிளப்பும்போது, ஒயில் மீண்டும் ஏறி அழுத்தம் பெறும்வரை, அந்தச் சில கணங்களிலே தேய்வு நிகழ்கின்றது. அன்றியும் குளிர்ந்த இயந்திரத்துக்குப் பெற்றோல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எரியாது எஞ்சும் பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். மேலை நாட்டுக் கடுங்குளிரிலே இக்கேடு பெரிது. எமது வெப்ப நாட்டிலே சிறிது குறைவுதான். எனினும் இல்லையெனக் கூறல் இயலாது.

இன்னொரு செய்தி பலருக்குப் புதிதாயிருக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. பெற்றோலிலுள்ள ஐதரசன் வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் விளைவது அது. நன்கு சூடேறிய வண்டியிலே அந்நீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சூடேறாத வண்டியிலே அதிற் சிறு பகுதி இயந்திரத்தினுள்ளே ஒடுங்கி, ஒயிலோடு கலந்து, எரிதலின் கழிவுகளோடு சேர்ந்து அமிலத்தன்மை பெற்றுக் கருஞ்சேறாக மாறும். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்குமாக மூன்று மூன்று கிலோமீற்றர் ஓடும் வண்டி ஒருபோதும் முழுச்சூட்டை அடைவதில்லை; அந்நீரும் வெளியேறுவதில்லை.

இப்பொழுது ஒரு கணக்குச் செய்வோம். ஒரு முறை கிளப்பினால் சராசரி மூன்று கிலோமீற்றர் ஓடும் வண்டி 58,000 கிலோமீற்றரைத் தாண்ட 19,000க்கு மேற்பட்ட தடவைகள் கிளப்பப்பட்டிருக்க வேண்டும். ஒரு முறை கிளப்பினால் சராசரி நூறு கிலோமீற்றர் ஓடும் வண்டி 241,000 கிலோமீற்றரை 2,410 தடவைகளிலே ஓடி முடித்திருக்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள ஏறத்தாழ 400 கிலோமீற்றரை, தேநீருக்கும் முறிகண்டிப் பிள்ளையாருக்குமாக மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஓடும் வண்டிக்கு இச்சராசரி பொருந்தும். அன்றியும் முதலாம் கியரில் ஒரு கிலோமீற்றர் ஓட இயந்திரம் சுழலும் சுழற்சிகள், மேற்கியரில் ஓடும்போது சுழல்வனவற்றிலும் மூன்று நான்கு மடங்காகும். நகரத்து ஓட்டத்திலே கிளச்சும் பிறேக்கும் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே சிறிய எண்ணைக் காட்டும் வண்டியே மிகுதியாகத் தேய்ந்திருத்தலும் கூடும்.

இளைஞரோடு சென்று இரண்டு வண்டிகளையும் பார்த்தோம். 58,000 காட்டிய வண்டியிலே எவ்வித மோசடியும் இருக்கவில்லை என்பதை முதலிற் கூறிவிட வேண்டும். அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற பெரியவர், நேர்மையானவர். வண்டியை நாள்தோறும் துடைத்து, மழையிலும் வெயிலிலும் விடாது காத்து வைத்திருந்தார். நிறம் மங்கவில்லை, இருக்கை கிழியவில்லை. ஒயில் எப்பொழுது மாற்றுவீர்கள் எனக் கேட்டோம். "ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் தவறாமல் மாத்துறனான்" என்றார். இருபது ஆண்டுகளில் 58,000 எனின் ஆண்டொன்றுக்கு 2,900. எனவே அவர் தவறாது மாற்றிய ஒயில் ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் ஆண்டு அந்த இயந்திரத்தில் நீரோடும் அமிலத்தோடும் கிடந்தது! ஒயில் கெடுவது தூரத்தால் மாத்திரமன்று, காலத்தாலும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து விரலால் தடவினோம்; தாரைப் போன்ற பசை ஒட்டியது. ரயரின் பக்கத்தே பொறித்திருந்த நான்கு இலக்கங்களை வாசித்தோம். முதலிரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிப்பன. 1812 என்றிருந்தது, 2012ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்திற் செய்தவை. பூ அழியாதிருந்தது, ஆனால் றப்பர் வெடித்திருந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்திலே வண்டி பல மாதங்கள் அசையாது நின்றதாகவும் அப்பெரியவர் கூறினார்.

அவரோடு பேசிவிட்டுத் திரும்பும்போது எமக்குச் சிறிது மனவருத்தமாயிருந்தது. அவ்வளவு அன்போடு ஒரு பொருளைக் காத்தவரிடம், நீர் காத்த முறை தவறு என எவ்வாறு சொல்வது? யாம் சொல்லவில்லை.

மற்றைய வண்டியின் உரிமையாளர் ஒரு வியாபாரி. 2004இல் புதிதாகக் கொழும்பில் வாங்கி, கண்டிக்கும் மட்டக்களப்புக்கும், 2010 தொடக்கம் யாழ்ப்பாணத்துக்குமாக ஓடியவர். வண்டியின் வலப்பக்கத்துச் சேறுதாங்கியிலே நசிவொன்று இருந்தது. சாரதி ஆசனத்துத் துணி தேய்ந்து நூல் தெரிந்தது. அவர் மேசை லாச்சியைத் திறந்து பழைய கொப்பியொன்றை எடுத்துத் தந்தார். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, கொடுத்த பணம். 241,000 கிலோமீற்றருக்கு ஐயாயிரத்துக்கு ஒன்றாக 48 ஒயில் மாற்றங்கள் இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்தோம், 46 இருந்தன. கியர்ப்பெட்டி ஒயில், பிறேக் ஒயில், முன் சில்லுத் தாங்கிகள் என எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. றேடியேற்றர் மாற்றியதாக மட்டும் எங்கும் காணவில்லை.

அந்தக் கொப்பியைக் கண்டதும் எமக்கு எம் தந்தையாரின் நினைவு வந்தது. அவரும் அப்படியொரு கொப்பி வைத்திருந்தார். இந்த மலரை வாசிக்கும் முதிய மாணவர் சிலர் அவருடைய பச்சை நிற மொறிஸ் மைனரை நினைவுகூரவுங் கூடும். 1958இல் வாங்கியது, 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம். அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநர் வகுத்து, 1948இல் இலண்டனிற் காட்சிக்கு வந்த வண்டி அது. முதலில் ஒடுங்கலாகச் செய்த மாதிரியை நடுவே இரண்டாகப் பிளந்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினாராம். அதன் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான மேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நான்கு அங்குலம் எங்கே போயிற்று என்பது விளங்கும்.

அந்த வண்டியின் மீற்றரில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 மைல் சென்றதும் ஐந்தும் சூனியமாகிவிடும். எமது வண்டி இருமுறை அவ்வாறு சூனியமாயிற்று. முதன்முறை ஆனபோது தந்தையார் எம்மைக் கூப்பிட்டுக் காட்டி, "பார், இது இப்ப புது வண்டி" எனச் சொல்லிச் சிரித்தார். அன்று விளையாட்டாகச் சொன்னதை இன்று மீற்றரைப் பின்னோக்கித் திருப்பும் சிலர் தொழிலாகவே செய்கின்றனர்.

தந்தையாரின் கொப்பியிலே அடிக்கடி வரும் சொல் 'கிறீஸ்'. மொறிஸ் மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றும் கீழ்ப்புறத்தில் புரி வெட்டிய மூட்டொன்றிலே திருகப்பட்டு நிற்கின்றது. அங்கு கிறீஸ் இடாது விட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் மூட்டுக் கழன்று, சில்லு மடிந்து வண்டி மூக்குக் குத்தி விழும். கிறீஸ் இட்டுவந்தால் அம்மூட்டுப் பல்லாண்டு நிற்கும். கிறீஸ் துப்பாக்கியும் கால்மணி நேரமும் இருந்தாற் போதும். அவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென ஒதுக்கியிருந்தார்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற அவர் ஒருபோதும் இடங்கொடுத்ததில்லை. எமது குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது; அதன் நீர் வன்னீர். கேத்தலின் அடியிலே படியும் வெண்படிவே றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்து அவற்றை அடைக்கும். மாரிகாலத்தில் ஓட்டு வழியே பிடித்த மழைநீரை வண்டிக்கென்றே பெரிய சாடியில் வைத்திருப்பார். தாகத்துக்கு அதில் ஒரு செம்பு எடுத்த குற்றத்துக்கு யாம் ஏச்சு வாங்கியதுண்டு.

1990 ஆனியிலே போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்த ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் ஏ 40 போன்ற பழைய வண்டிகளே. அமுக்க விகிதம் குறைந்த அவற்றின் இயந்திரங்களே மண்ணெண்ணெயைத் தாங்கின. சிறு போத்தலிலே வைத்த பெற்றோலில் சில துளிகள் விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தெருவெல்லாம் வெண்புகை. எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெயின் ஒரு பகுதி எரியாமலே சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். அக்காலத்துக் கொப்பியில் ஒரு பக்கத்திலே தந்தையார், "ஒயில் மட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது; மாற்றவேண்டும்" என எழுதியிருக்கின்றார். ஒயில் குறையாதிருப்பதைக் கண்டு மகிழ்ந்த பலருடைய இயந்திரங்கள் பாழாயின. கூடியது எதனால் என எண்ணிய சிலருடையவை தப்பின. ஒயிலோ அப்பொழுது எளிதிற் கிடைத்ததன்று. அவர் வழக்கமான தூரத்திற் பாதியிலே மாற்றினார். அதற்காக வேறு செலவுகளைச் சுருக்கினார்.

1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்த வண்டியிலே எம் பாட்டியாரும் அயல் வீட்டு நோயாளி ஒருவரும் மூன்று குழந்தைகளும் இருந்தனர். நாவற்குழிப் பாலத்தை அண்டியதும் சனத்திரளிலே அடிமேல் அடியாகவே நகர முடிந்தது. அவ்வாறு நகரும்போது இயந்திரம் கொதித்தல் இயல்பு. தந்தையார் நிறுத்தி, ஆறவிட்டு, யாம் தள்ள, மீண்டும் கிளப்பி, மீண்டும் நிறுத்தினார். விடியும் வேளையில் கைதடியை அடைந்தோம். மழைநீர்ச் சாடியில் இருந்ததைத் தகரத்திலே ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். அதிற் பாதியை வழியில் மக்கள் குடிக்கக் கொடுத்தார், பாதியை வண்டிக்கு ஊற்றினார். அப்பொழுது அந்த வண்டி இரண்டு இலட்சம் மைல்களுக்கு மேல் ஓடியிருந்தது. சந்தையிலே அதனை அன்று ஒருவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார். அந்த ஐவரையும் சுமந்தது அதுவே.

இவ்வாறு வளர்க்கப்பட்ட யாம் பின்னர்ச் செய்ததைக் கூறுவதற்கு வெட்கமாயிருக்கின்றது. போர் ஓய்ந்து பாதை திறந்தபின், 2010இல், கொழும்பிலே விற்பனையாளர் ஒருவரிடம் மீற்றரில் 36,000 மாத்திரம் காட்டிய வண்டியொன்றை வாங்கினோம். கண்ணாடிபோல மின்னியது. பிறேக் மிதியின் றப்பர் புத்தம் புதிதாயிருந்தது; சாரதியின் குதிகால் படும் இடத்துத் தரைவிரிப்போ ஓட்டையாய் இருந்தது. இரண்டையும் கண்டோம், இரண்டையும் சேர்த்து எண்ணவில்லை. நான்காம் மாதம் கிளிநொச்சிக்கு அப்பால் இயந்திரம் தட்டத் தொடங்கி, ஒரு கட்டை தூரம் செல்வதற்குள் இறுகி நின்றது. மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். ஒயிலை உறிஞ்சும் வலை கருஞ்சேற்றால் முற்றாக அடைபட்டிருந்தது. பின்பு அவர் முன்மூடியின் உட்புறத்தைத் துடைத்தபோது, எவரோ ஒயில் மாற்றியபோது ஒட்டிய சிறு கடதாசி ஒன்று வெளிப்பட்டது. அதிலிருந்த எண் 137,000. வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு இயந்திரத்துக்குச் சென்றது. தந்தையார் அப்பொழுது இல்லை. இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், கொப்பி எங்கே என்று மாத்திரம் கேட்டிருப்பார்.

ஆகவே வண்டி பார்க்கச் செல்பவர் காலையிலே, உரிமையாளர் இயந்திரத்தைக் கிளப்புமுன் செல்லுதல் நன்று. முன்னரே சூடாக்கி வைத்த இயந்திரம் பல குறைகளை மறைக்கும். கிளப்பியவுடன் நீலப்புகை எழுந்தால் ஒயில் எரிகின்றது என அறிக. மிதிகளின் றப்பர், சுக்கானின் வழவழப்பு, ஆசனத்தின் ஓரம் ஆகியவை மீற்றரோடு ஒத்துப் பேசுகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். ரயர் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் முன்பாகத்து மூட்டுகளில் நோய் உண்டு. கடற்காற்று வீசும் எமது ஊரிலே, எல்லாவற்றிலும் முதன்மையாக, வண்டியை உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்த்தல் வேண்டும். இயந்திரத்தை மாற்றலாம், கியர்ப்பெட்டியை மாற்றலாம். உப்புத் தின்ற உடலை மாற்றல் இயலாது. அடித்தளம் உக்கிய வண்டியை எந்தக் கொப்பியும் காப்பாற்றாது.

விலையைத் தீர்மானிப்பதற்கு எம்மிடம் இருப்பது எளிய முறை. அந்த வண்டியோடு இனி ஓட எண்ணும் தூரத்தை முதலிற் கொள்க. அவ்விளைஞருக்கு அது ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 கிலோமீற்றர். அத்தூரத்துக்குள் எவை மாற்ற வேண்டி வரும், எவை ஏற்கெனவே மாற்றப்பட்டன என்பதைக் கொப்பியைப் பார்த்து எழுதுக. விற்பவர் கேட்கும் விலையோடு முன்னவற்றின் செலவைக் கூட்டுக. கொப்பி இல்லாத வண்டிக்கு எதுவும் மாற்றப்படவில்லை எனவே கொள்ளல் வேண்டும். இவ்வாறு கூட்டியபோது இரண்டு வண்டிகளுக்கும் இடையே இருந்த பத்து இலட்சம் வேறுபாடு இன்னும் அகன்றது. சந்தை பெரிய எண்ணைக் கண்டு அஞ்சுவதால், நன்கு ஓம்பிய வண்டி தன் தகுதியிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. அந்த அச்சமே அறிந்து வாங்குபவரின் இலாபம்.

இந்த எண்ணம் எமதன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், நீடித்து உழைக்கும் வண்டியை உடைமையாகக் கொள்வது பற்றி 1982இலே நூலொன்று வெளியிட்டார். புதிய வண்டி வாங்குபவர் அதன் விலை வீழ்ச்சிக்காக இழக்கும் பணத்தைப் பழைய வண்டியின் பராமரிப்புக்குச் செலவிட்டால், பணமும் எஞ்சும், வண்டியும் எஞ்சும் என்பது அவர் வாதம். பின்னர் அம்முயற்சியின் தொடர்ச்சியாக மொறிஸ் மைனருக்குரிய பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை எமது இலங்கையிலேயே எழுந்தது என்பது பலர் அறியாத செய்தி.

தூரத்தின் எல்லை எது என அறிய விரும்புவோர் அமெரிக்காவின் லோங் ஐலன்டில் வாழ்ந்த இர்வின் கோடனை நினைக்கலாம். அவரும் ஓர் ஆசிரியர், விஞ்ஞானம் கற்பித்தவர். 1966இல் வாங்கிய வொல்வோ வண்டியிலே நாளொன்றுக்கு 125 மைல் பாடசாலைக்குப் போய்வந்தார். 680,000 மைல் சென்றபின்னரே இயந்திரத்தை முதன்முறையாகப் பிரித்துச் செப்பனிட்டார். 2013இல் முப்பது இலட்சமாவது மைலைத் தாண்டினார். 2018இல் அவர் இறந்தார். அவர் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒயிலை உரிய காலத்தில் மாற்றினார், செய்முறைக் கையேடு சொன்னதைச் செய்தார், நெடுந்தூரம் ஓட்டினார்.

நெடுந்தூரம் ஓடிய வண்டியெல்லாம் நல்லதென யாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. பல கைகள் மாறி, பலர் ஓட்டி, ஒருவரும் பேணாத வாடகை வண்டிகள் உண்டு. அவை பெரிய எண்ணுக்கு அஞ்சும் சந்தையின் அச்சத்தை நியாயப்படுத்துவன. றப்பர்க் குழாய், பிறேக் குழாய், ஆசனப் பட்டி ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதால் முதிர்வன. விபத்து நேர்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும் திறனிலே புதிய வண்டிக்கு ஈடாகப் பழையது நில்லாது. எம் தந்தையாரின் மொறிஸ் மைனரிலே இன்று ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு பெருந்தெருவிற் செல்ல யாம் துணியோம். அது இப்பொழுது கொட்டிலில் நிற்கின்றது. மாதம் ஒருமுறை கோயில்வரை சென்று வருவதோடு சரி. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலை கேட்டார். கொப்பிகளையும் சேர்த்தே தருவீர்களா என அவர் கேட்டதும் எமக்கு மனம் மாறிவிட்டது.

இளைஞர் 241,000 ஓடிய வண்டியை வாங்கினார். றேடியேற்றர் இருபது ஆண்டுப் பழையது, அதன் மேற்றொட்டி பிளாஸ்ரிக், அது வெடிக்குமுன் மாற்றிவிடும் எனச் சொல்லி, அச்செலவை விலையிலே குறைத்தும் கொடுத்தோம். குறைத்த பணத்தை அவர் ரயருக்குச் செலவிட்டு, றேடியேற்றரை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். அடுத்த மாதமும் ஒத்திவைத்தார். 2025 சித்திரையிலே தாயாரோடு கொழும்புக்குச் செல்லும்போது முறிகண்டிக்கு அண்மையில் வெப்பமுள் ஏறத் தொடங்கிற்று. இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்பதையாவது அவர் மறக்கவில்லை. தொட்டி வெடித்திருந்தது, இயந்திரத்துக்குத் தீங்கில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நின்ற வான் ஒன்றிலே தாயாரை ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பி, அங்கிருந்து உறவினர் ஒருவர் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல ஒழுங்குசெய்தார். வண்டியைக் கட்டியிழுத்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுசென்று, மறுநாள் புது றேடியேற்றர் போட்டுக்கொண்டார்.

சில நாட்களின் பின் கொப்பியை எம்மிடம் கொணர்ந்து காட்டினார். வியாபாரியின் கையெழுத்து முடிந்த இடத்திலே அவருடையது தொடங்குகின்றது. "கி.மீ. 249,310. முறிகண்டி. றேடியேற்றர் புதிது. சேர் முன்னமே சொன்னவர்" என எழுதியிருந்தார்.